முருகேசன் கையை எடுத்துக்கொண்ட நாள்

நான்கு மாதமாக ஒரு விஷயத்தை எழுதாமல் அடக்கி வைத்திருந்தேன். வாரா வாரம் பத்தி எழுதுகிறவனுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை தெரியுமா? எதைக் கண்டாலும் எழுதிவிடுகிற ஆள் நான் என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் ‘கல்யாணம் முடியட்டும் சார், அப்புறம் எழுதுங்க’ என்று ஒருவர் கேட்டுக்கொண்டார். போன ஞாயிற்றுக்கிழமை குடியாத்தத்தில் கல்யாணம் முடிந்துவிட்டது. இனி என்னைத் தடுக்க யாரும் இல்லை.

விஷயம் என் கழுத்தில் ஆரம்பித்தது.

ஆறு மாதம் முன்பு, ஒரு திங்கட்கிழமை காலை. காரை ரிவர்ஸ் எடுக்கத் திரும்பினேன். கழுத்து வரவில்லை. பீரோவை நகர்த்துவதுபோல மொத்த உடம்பையும் சேர்த்துத் திருப்ப வேண்டியிருந்தது. இடதுபக்கத்திலிருந்து யாராவது வணக்கம் சொன்னால், நான் திரும்பி முடிப்பதற்குள் அவர் தெருமுனைக்குப் போயிருப்பார்.

என் மனைவி விஜயா உடனே காரணம் சொல்லிவிட்டாள். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, சோபாவில் கேள்விக்குறி மாதிரி வளைந்து உட்கார்ந்து எழுதுகிறேனாம். அப்படி எழுதுவதும் ஒன்றும் பிரமாதமாக இல்லையாம். (இதற்கும் கழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை.)

டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பில் கோளாறு இல்லை, தசைதான் இறுகியிருக்கிறது என்றார். மாத்திரை கொடுத்தார். உட்காரும் விதத்தை மாற்றச் சொன்னார். நாலு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தார். முறையாகக் கற்றவர் யாராவது இருந்தால் மசாஜும் செய்துகொள்ளலாம் என்றார்.

மசாஜா? ஆம்பூரிலா?

எங்கள் ஊரில் ஆட்டுத் தோலுக்கு அந்த வசதியெல்லாம் உண்டு. டிரம்மில் போட்டு உருட்டுவார்கள். எண்ணெய் ஏற்றுவார்கள். சுருக்கம் போக நீட்டி இழுப்பார்கள். பூ மாதிரி மெத்தென்று ஆக்கி வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். மனிதத் தோலுக்கு யார் செய்வார்கள்?

அந்தக் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் பெண்தான் சொன்னாள். பைபாஸ் ரோட்டில், செல்போன் கடை மாடியில், முருகேசன் என்று ஒருவர் இருக்கிறார்... ஆண்களுக்கு மட்டும்... நல்ல மாதிரி.

‘நல்ல மாதிரி’ என்று ஏன் அழுத்திச் சொன்னாள்? உங்களுக்கும் புரியும். மசாஜ் என்ற சொல்லை நாம் அப்படி ஆக்கி வைத்திருக்கிறோம். நானே மாடிப்படி ஏறுவதற்கு முன்னால் தெருவின் இரண்டு பக்கமும் யாராவது தெரிந்தவர் இருக்கிறாரா என்று பார்த்தேன். அதுவும் எப்படி... மொத்த உடம்பையும் திருப்பி.

மேலே ஒரே அறை. ஜன்னல் அகலமாகத் திறந்திருந்தது. வெள்ளை விரிப்பு போட்ட ஒரு மேசை. அலமாரியில் வரிசையாகப் பழுப்பு நிறக் குட்டிக் குட்டி பாட்டில்கள். சுவரில் ஒரு சர்டிபிகேட். ஐம்பது வயதுக்காரர் ஒருவர், ஒட்ட வெட்டிய நகங்களோடு எழுந்து நின்று வணக்கம் சொன்னார்.

உடனே படுக்கச் சொல்வார் என்று நினைத்தேன். உட்காரச் சொன்னார். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தார். பிரஷர் இருக்கிறதா, சுகர் இருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறேன், ஆபரேஷன் ஏதாவது நடந்ததா, காய்ச்சல் இருக்கிறதா, கை மரத்துப்போகிறதா, டாக்டர் என்ன சொன்னார், எக்ஸ்ரே எங்கே... எனக்குப் பெண் கொடுத்தபோது மாமனார்கூட இவ்வளவு விசாரிக்கவில்லை.

அப்புறம் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூக்குக்குக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். லாவெண்டர், யூக்கலிப்டஸ், எலுமிச்சைப்புல், புதினா. எது பிடிக்கிறது என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. வாசனை பார்த்தால் வலி போய்விடுமா என்றேன்.

“வாசனைக்கு வலி போவாது சார்” என்றார் அவர். “வாசனைக்கு நீங்க கொஞ்சம் சும்மா இருப்பீங்க. நீங்க சும்மா இருந்தீங்கன்னா என் கை வேலை செய்யும்.”

அரோமாதெரபி பற்றி நான் இதுவரை கேட்ட விளக்கங்களில் மிகச் சுருக்கமானதும் மிக நேர்மையானதும் இதுதான்.

லாவெண்டரைக் காட்டினேன். அதைத் தேங்காய் எண்ணெயில் சில சொட்டுதான் விட்டார். நேராகத் தோலில் போட்டால் எரியும், சிலருக்குத் தடித்துப்போகும் என்று சொல்லி, முதலில் என் முழங்கையின் உள்பக்கம் ஒரு துளி தொட்டுவைத்து, கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார். அப்புறம்தான் குப்புறப் படுக்கச் சொன்னார்.

அவர் விரல்கள் தோளில் இறங்கின. தேடின. ஒரு இடத்தில் நின்றன.

“இங்க ஒரு முடிச்சு இருக்கு சார். இது இன்னிக்கு நேத்து வந்தது இல்ல.”

அந்த முடிச்சு அங்கே இருப்பது எனக்கே தெரியாது. அவர் கட்டைவிரலை வைத்து மெதுவாக அழுத்தியபோதுதான் தெரிந்தது. வலித்தது... ஆனால் விட்டுவிடாதே என்று கெஞ்சவைக்கிற வலி. அங்கே படுத்துக்கொண்டு யோசித்தேன். என்னை மனிதர்கள் தொட்டு எவ்வளவு நாளாயிற்று? ஆண்களுக்கு ஒரு வயதுக்கு மேல் தொடுகை என்பதே இல்லாமல் போய்விடுகிறது. முடி வெட்டுகிறவர் தொடுகிறார். பிரஷர் பார்க்க நர்ஸ் கையைப் பிடிக்கிறார். மாலில் செக்யூரிட்டி தடவிப் பார்க்கிறார். அவ்வளவுதான். தோளில் அன்பாக ஒரு கை விழுந்தால், கடன் கேட்கப் போகிறானோ என்றுதான் முதலில் தோன்றுகிறது!

இதை யோசித்துக்கொண்டே தூங்கிவிட்டேன். விழித்தபோது அவருடைய வெள்ளை விரிப்பில் என் எச்சில். வெட்கமாக இருந்தது. எல்லோருமே இப்படித்தான் என்று அவர் பெருந்தன்மையாகச் சொன்னார்.

ஐந்தாறு வாரம் போனேன். டாக்டர் சொன்ன பயிற்சியையும் விடவில்லை. கழுத்து சுழல ஆரம்பித்தது. ஆனால் நான் எதிர்பார்க்காத லாபங்களும் வந்தன. படுத்தால் தூக்கம் வந்தது. காலையில் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்திருப்பது நின்றது. வீட்டில் சிடுசிடுப்பு கம்மியாகிவிட்டது என்று விஜயாவே ஒப்புக்கொண்டாள். வாரத்தில் இரண்டு தடவை போனால்தான் என்ன என்றும் கேட்டாள்.

படுத்துக்கொண்டு பேச்சுக் கொடுத்ததில் முருகேசனின் கதை கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

இருபத்திரண்டு வருடம் ஒரு டேனரியில் தோல் தரம் பிரிக்கிற வேலை. ஒரு தோலை மேசையில் விரித்து உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் போதும்... இங்கே முள் கீறியிருக்கிறது, இங்கே உண்ணி கடித்திருக்கிறது, இந்த இடம் மெலிசு என்று சொல்லிவிடுவார். கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரியும். டேனரியில் வேலை குறைந்து ஆட்களைக் குறைத்தபோது அவருக்கு நாற்பத்தாறு வயது. அந்த வயதில் யார் வேலை கொடுப்பார்கள்?

அவருக்குத் தோள்வலி வந்து, பிசியோதெரபி செய்துகொள்ள வேலூருக்குப் போய் வந்துகொண்டிருந்த சமயம் அது. அங்கே பிசியோதெரபி செய்த அம்மா இவர் கையைப் பார்த்துவிட்டு, தான் பாடம் எடுக்கும் மசாஜ் பயிற்சி வகுப்பு ஒன்று இருக்கிறது, சேருங்கள் என்றாராம். சேர்ந்துவிட்டார். வகுப்பில் எல்லோரும் இருபது வயதுப் பையன்கள். இவரைத்தான் முதல் நாள் வாத்தியார் என்று நினைத்து எழுந்து நின்றார்களாம்.

தொழில் நன்றாகத்தான் போயிற்று. ஷூ கம்பெனியில் எட்டு மணி நேரம் குனிந்து வேலை செய்கிறவர்கள், லாரி டிரைவர்கள், என்னைப் போல வளைந்து உட்காருகிறவர்கள் என்று ஆட்களுக்குக் குறைவில்லை. பிரச்சினை வேறு இடத்தில் வந்தது.

அவருடைய ஒரே மகள் கலைச்செல்வி. ஷூ கம்பெனியில் சாம்பிள் தயாரிக்கும் பிரிவில் வேலை. அதே கம்பெனியில் தினேஷ் என்ற பையனை அவளுக்குப் பிடித்துவிட்டது, அவனுக்கும் அவளை. பையன் வீடு குடியாத்தம். லுங்கி நெய்கிற விசைத்தறிகள் சொந்தமாக இருக்கிற குடும்பம். பையனின் அம்மாவும் தாய்மாமாவும் முதலில் பெண் பார்க்க வந்தார்கள். அப்பாவுக்குத் தறியை விட்டு வர முடியவில்லை.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது, பையனின் அம்மா சாதாரணமாகக் கேட்டிருக்கிறார் – பெண்ணின் அப்பா என்ன செய்கிறார்?

முருகேசனின் மனைவி அம்சா முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டார். “சொந்தமா எண்ணெய் பிசினஸ்.”

வந்தவர்கள் செக்கு வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு திருப்தியாகப் போனார்கள். கலைச்செல்விக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் அவளே தினேஷை அழைத்து உண்மையைச் சொல்லிவிட்டாள். அப்பா மசாஜ் செய்கிறார். இதை உங்கள் வீட்டில் சொல்லுங்கள். சொல்லிவிட்டு வருகிற கல்யாணம் வந்தால் போதும்.

தினேஷ் சொன்னான். அங்கிருந்து பேச்சு மூச்சு இல்லை. ஒரு வாரம்... இரண்டு வாரம்... மூன்று வாரம்.

இதை என்னிடம் சொன்னபோது முருகேசனின் கை என் தோளில் ஓடிக்கொண்டிருந்தது. குரல் மட்டும் இறங்கிவிட்டது. கடையை மூடிவிட்டு ஏதாவது வாட்ச்மேன் வேலைக்குப் போய்விடலாமா என்று அம்சா கேட்கிறாராம். மகளோ, மூடினால் தனக்குக் கல்யாணமே வேண்டாம் என்கிறாளாம்.

“நடுவுல நான் மாட்டிக்கினேன் சார். ஒரே பேஜார்.”

நான் என்ன ஆறுதல் சொல்வது? குப்புறப் படுத்திருக்கிறவன் சொல்கிற ஆறுதலுக்கு என்ன மரியாதை?

அதற்கு அடுத்த வாரம்தான் அது நடந்தது.

காலை பதினொரு மணி இருக்கும். எனக்கு மசாஜ் முடிந்து, தோளில் சூடான துண்டைப் போட்டுக்கொண்டு ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மாடிப்படியில் நின்று நின்று யாரோ ஏறி வருகிற சத்தம். ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை, வேட்டி. அறையைச் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். மேசை, ஜன்னல், பாட்டில்கள், சர்டிபிகேட், நான்... எதையும் விடவில்லை. ஆடிட் பண்ண வந்தவர் மாதிரி இருந்தது.

காலையிலிருந்து இடது தோள் வலிக்கிறது, பாரம் தூக்கியதில் பிடித்துக்கொண்டது, பிடித்துவிட முடியுமா என்று கேட்டார். முருகேசன் வழக்கம்போல நோட்டை எடுத்தார். அவர் எரிச்சலாகி, கேள்வியெல்லாம் வேண்டாம், வலி தாங்கவில்லை, முதலில் பிடித்துவிடுங்கள் என்று சட்டையைக் கழற்றி உட்கார்ந்துவிட்டார்.

முருகேசன் அவர் தோளில் கை வைத்தார். விரல்கள் தேடின. மேலே போயின, கீழே வந்தன, பின்பக்கம் போயின. எங்கேயும் நிற்கவில்லை.

அப்புறம் கையை எடுத்துவிட்டார். எடுத்த கையைத் தன் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். கை ஈரமாக இருந்தது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, ஜன்னல் திறந்திருந்தது.

“அண்ணா, தாடை வலிக்குதா?”

காலையிலிருந்து பல்வலி மாதிரி இருக்கிறது என்றார் அவர்.

“மூச்சு?”

படி ஏறியதில் கொஞ்சம் வாங்குகிறது, கேஸ் டிரபிள், ஓமம் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்றார். பேசும்போதே நெற்றியில் முத்து முத்தாக வேர்வை.

முருகேசன் சட்டையை எடுத்து அவர் தோளில் போட்டார். “இது சதை வலி இல்லண்ணா. சதை நல்லா இளகித்தான் இருக்கு. வேர்வைதான் ஜில்லுனு இருக்கு. இது என் கை வேலை இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. மசாஜ் செய்யத் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள் என்றார். அந்தச் சொல் முருகேசனைத் தைத்திருக்கும். ஆனால் அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. என் பக்கம் திரும்பி, கார் கீழே இருக்கிறதா சார் என்று மட்டும் கேட்டார்.

அவரை நடக்கவிடவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, கீழே செல்போன் கடையில் இருந்தவர்களைக் கூப்பிட்டு, நாலு பேராகத் தூக்கி இறக்கினோம். அரசு ஆஸ்பத்திரிக்கு ஐந்தே நிமிடம். நான் அவ்வளவு வேகமாக ஆம்பூர் பஜாரில் கார் ஓட்டியது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

ஈசிஜி காகிதம் வெளியே வரும்போதே டூட்டி டாக்டரின் முகம் மாறிவிட்டது. ஹார்ட் அட்டாக். மாத்திரை கொடுத்து, ஊசி போட்டு, வேலூருக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள். கூட யார் வந்திருக்கிறார்கள், வீட்டுக்குச் சொல்லிவிட்டீர்களா என்று நர்ஸ் கேட்டார்.

எங்களுக்கு அவர் பெயர்கூடத் தெரியாது.

முருகேசன் குனிந்து, வீட்டில் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டார். பையனுக்கு என்று சொல்லி, அவர் மெல்லிய குரலில் நம்பரைச் சொல்லிக்கொண்டே வந்தார். முருகேசன் தன் போனில் அழுத்திக்கொண்டே வந்தார். பத்தாவது எண்ணை அழுத்தியதும் திரையில் ஒரு பெயர் வந்தது. அம்சா ஆசை ஆசையாகப் பதிந்து கொடுத்திருந்த பெயர்.

‘தினேஷ் மாப்ள.’

முருகேசன் போனைப் பார்த்தார். ஸ்டிரெச்சரில் இருந்தவரைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார்.

“உங்க பையன் பேரு தினேஷாண்ணா?”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். “மன்னிச்சிக்கோங்க. எந்த மாதிரி எடம்னு பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்.”

“அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்ணா. இப்ப நீங்க பேசாதீங்க” என்று முருகேசன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் கிளம்பி வேலூர் போய்ச் சேரும்வரை விடவில்லையாம். நான் பின்னால் காரில் போனேன்.

வேலூரில் அவரை உள்ளே கொண்டுபோன பிறகுதான் முருகேசன் ஓய்ந்தார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். “அவர் கேட்டாருன்னு எண்ணெய் போட்டு உக்கார வெச்சிருந்தா இன்னா ஆயிருக்கும் சார்?” என்று கேட்டார். வகுப்பில் அந்தப் பிசியோதெரபி அம்மா திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தானாம். காய்ச்சல், காலில் ரத்தக் கட்டு, புதுப் புண், எலும்பு முறிவு, நெஞ்சு அடைப்பு... கை வைக்கக் கூடாத இடங்களின் பட்டியலை மனப்பாடம் செய்யவைத்திருக்கிறார். பரீட்சையில் இவர் தப்பு விட்டதும் அதில்தானாம்.

அதற்குள் போனில் விஷயம் தெரிந்து தினேஷும் கலைச்செல்வியும் ஒரே பைக்கில் வந்து இறங்கினார்கள். அவன் அழுதுகொண்டே ஓடி வந்து, தன் அப்பா எங்கே என்றுகூடக் கேட்காமல், முருகேசனைக் கட்டிக்கொண்டான். கலைச்செல்வி கொஞ்சம் தள்ளியே நின்று அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்ததை எப்படிச் சொல்வது? மகள் கலெக்டரானால் அப்பாக்களுக்கு அப்படி ஒரு முகம் வரும்.

அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். தணிகாசலம் – அதுதான் அவர் பெயர் – சில நாளில் வீடு திரும்பிவிட்டார்.

அடுத்த மாதம் பையனின் அம்மாவே அந்த மாடிப்படி ஏறி வந்தார், தட்டில் பூவும் பழமும் வைத்து. அன்று சாப்பாடு கொண்டுவந்திருந்த அம்சா பயந்துபோய்ச் சுவரோடு சுவராக நின்றாராம். அந்த அம்மா அலமாரியில் இருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தார். அப்புறம் அம்சாவைப் பார்த்து, “எண்ணெய் பிசினஸ்னு நீங்க சொன்னது பொய் இல்ல” என்றாராம். இரண்டு பேரும் அழுகிற அளவுக்குச் சிரித்திருக்கிறார்கள். போகும்போது லாவெண்டர் பாட்டில் ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது மறுபடி ஒரு சின்னக் குழப்பம். பெண்ணின் அப்பா பெயருக்குக் கீழே என்ன போடுவது? எதுவும் போட வேண்டாமே என்று முருகேசனே இழுத்திருக்கிறார். தணிகாசலம் போனில் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். பத்திரிகை என் மேசையில்தான் இருக்கிறது. ‘மசாஜ் தெரபிஸ்ட், ஆம்பூர்’ என்று தங்க எழுத்தில் மின்னுகிறது.

கல்யாணத்தில் தணிகாசலம் கொஞ்சம் இளைத்திருந்தார். ஆனால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. உறவுக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் முருகேசனைக் கையைப் பிடித்து அழைத்துப்போய், “என் சம்பந்தி. மசாஜ் பண்றாரு” என்று அறிமுகம் செய்துவைத்தார். வந்தவர்களில் பாதிப் பேர் தறி ஓட்டுகிறவர்கள். சும்மா இருப்பார்களா? மொய் எழுதும் இடத்தைவிட முருகேசனைச் சுற்றிக் கூட்டம் ஜாஸ்தி. ஒருவர் முழங்கையைக் காட்டினார். ஒருவர் இடுப்பைக் காட்டினார். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, மாலை போட்டுக்கொண்டு, முருகேசன் ஒவ்வொருவரிடமும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார் – பிரஷர் இருக்கா? சுகர் இருக்கா? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?

சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த தணிகாசலத்துக்கு ஒரு குறை இருந்தது. அன்று கேட்ட மசாஜ் அவருக்கு இன்னும் கிடைக்கவில்லையாம். நெஞ்சு டாக்டரிடம் எழுதி வாங்கி வந்தால்தான் கை வைப்பேன் என்று சம்பந்தி பிடிவாதமாக இருக்கிறாராம். புகார் மாதிரிதான் ஆரம்பித்தார். ஆனால் சொல்லும்போது முகமெல்லாம் பெருமை.

உங்கள் வீட்டில் யாராவது இன்று தோள் வலிக்கிறது என்று சொன்னால், டிவியை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பிடித்துவிடுங்கள். கூடவே தாடையும் வலித்து வேர்வையும் ஜில்லென்று கொட்டினால்... தோளை விட்டுவிட்டு ஆட்டோவைப் பிடியுங்கள்!